விரலைக் காட்டுங்கள்

கட்டு போடும் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: “நல்லா இறுக்கிக் கட்டுங்க சார், எலும்பு நகர்ந்துறப் போகுது.” ஆடு மேய்க்கிற ஆயாவும் சொல்வார், கல்லூரி வாத்தியாரும் சொல்வார். சேலம் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளின் மாவுக்கட்டு அறைகளில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அத்தனை ஆண்டுகளும் நான் எதிர்த்து நின்ற நம்பிக்கை இதுதான். முறிந்த எலும்பை அதன் இடத்தில் நிறுத்துவது கட்டின் வடிவம். இறுக்கம் கையைக் கெடுக்கும்.

மனிதன் விழும்போது கை தானாக முன்னால் போகிறது. உள்ளங்கை தரையில் அடிக்க, உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே வந்து இறங்குகிறது. முன்கையில் இரண்டு எலும்புகள்: கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. மணிக்கட்டில் அகன்றிருக்கும் ரேடியஸின் முனைதான் அந்த எடையை வாங்குகிறது. அது உடைந்து பின்னால் சாய்ந்தால், மணிக்கட்டின் மேல்புறம் மேடு தட்டி, பக்கவாட்டில் பார்க்கும்போது வளைந்து தெரியும். பாடப்புத்தகங்கள் இதை முள்கரண்டி வடிவம் என்கின்றன. டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் இந்த முறிவைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே வந்தது 1895-இல். படமே இல்லாத காலத்தில், மூட்டு நழுவியிருக்கிறது என்று மற்றவர்கள் எண்ணியிருந்ததை, எலும்பு முறிந்திருக்கிறது என்று அவர் விரலால் தடவிப் பார்த்தே கண்டுகொண்டார். எங்கள் யூனிட் சீஃப் இதை ஒவ்வொரு புது ஹவுஸ் சர்ஜனிடமும் சொல்வார். சொல்லிவிட்டு, “ஃபிலிமை அப்புறம் பாரு, முதல்ல கையைப் பாரு” என்பார். நான் தொழில் கற்றுக்கொண்டது அந்தப் பேச்சுகளின் ஓரத்தில் நின்றுதான்.

யார் எப்போது வருவார்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். மே மாதம் முழுக்கப் பையன்கள்: மாமரம், கிணற்று மேடு, சைக்கிள். மழைக்காலத்தில் பாசி பிடித்த வாசலில் வழுக்கிய பெண்கள். தை மாதத்தில் மாடு தள்ளிவிட்டவர்கள். முன்பெல்லாம் இன்னொரு கூட்டமும் வரும். தோட்டத்து ஆயில் எஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது, எஞ்சின் திருப்பி உதைத்துவிடும். அந்த வேகத்தில் ரேடியஸின் நுனி கட்டைவிரல் பக்கமாகப் பிளந்துவிடும். கார்களை முன்னால் நின்று கைப்பிடி சுற்றிக் கிளப்பிய காலத்தில் மேல்நாட்டு ஓட்டுநர்களுக்கு வந்த அதே முறிவு இது. மருத்துவத்தில் அதற்கு ஓட்டுநர் முறிவு என்றே பெயர். எங்கள் ஊரில் அது விவசாயியின் முறிவாக இருந்தது. மின்சார மோட்டார் பரவப் பரவ அந்தக் கைகள் குறைந்தன. அந்த இடத்தை இருசக்கர வாகனம் பிடித்துக்கொண்டது.

ஐம்பது வயது தாண்டிய பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைகிறது. வாசல் தெளிக்கும்போது நின்ற இடத்திலேயே வழுக்கி உட்கார்ந்தவருக்கு மணிக்கட்டு நொறுங்கியிருக்கிறது என்றால், வீழ்ச்சி பெரிதில்லை, எலும்புதான் மெலிந்துவிட்டது என்று பொருள். அந்தக் கை ஆறு வாரத்தில் சேர்ந்துவிடும். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே அம்மாவை இடுப்பு முறிந்த நிலையில் ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறோம். மணிக்கட்டு முறிந்த அன்றே எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொல்லியிருந்தால் இடுப்பைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற வருத்தம் ஒவ்வொரு முறையும் வரும். வீட்டில் அப்படி ஓர் அம்மா இருந்தால், கட்டைப் பிரித்ததோடு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

முறிந்த கையைக் கொண்டுவருவதிலேயே வைத்தியம் தொடங்கிவிடுகிறது. வாழப்பாடிப் பக்கத்துப் பாக்குத் தோட்டத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். முன்கை நடுவில் வளைந்திருந்தது. கூட வந்தவர்கள் விழுந்து கிடந்த பாக்கு மட்டை ஒன்றை எடுத்து, முழங்கையிலிருந்து விரல் வரை கையை அதில் கிடத்தி, மேல்துண்டைக் கிழித்து மூன்று இடத்தில் தளர்வாக முடிந்திருந்தார்கள். மட்டையின் குழிவில் கை அசையாமல் படுத்திருந்தது. எங்கள் சீஃப் அதைப் பிரிக்கவிடாமல் அப்படியே எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். பாக்கு மட்டை இல்லாத ஊரில், நாலாக மடித்த தடித்த வாரப் பத்திரிகை போதும். பள்ளிக்கூடத்து ஸ்கேலும் போதும். வளைந்த கையை வளைந்தபடியே தாங்கிக்கொண்டு வாருங்கள். நேராக்கும் வேலை வழியில் வேண்டாம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், சுத்தமான ஈரத் துணியால் மூடுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அப்ப வேண்டாம். வயிற்றுக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

அடுத்தது மோதிரமும் வளையலும். இதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கை வீங்கும், வீங்கியே தீரும், மோதிரம் வீங்காது. சோப்புத் தண்ணீரில் கழன்றால் நல்லது. கழலாவிட்டால் நூல். மோதிரத்துக்கு அடியில் நூலின் ஒரு நுனியை நுழைத்துவிட்டு, மோதிரத்துக்கு முன்னாலிருந்து விரல் கணு வரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பிறகு அடியில் நுழைத்த நுனியைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் நூலின் மேல் ஏறி நகர்ந்து வரும். அதற்கும் அசையாத மோதிரத்தை வெட்டத்தான் வேண்டும். கல்யாண மோதிரம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆசாரி அதை ஒட்டிக் கொடுத்துவிடுவார்.

ஒருமுறை வளைகாப்பு முடிந்த பெண் ஒருவர், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறையப் போட்டுக்கொண்டு, வலது மணிக்கட்டு முறிந்து வந்தார். மாமியார் வளையலைத் தொடவிடவில்லை.

“குழந்தை பொறக்கற வரைக்கும் கழட்டப்படாதுங்க சார். ஆகாதுங்க.”

“அம்மா, நான் உடைக்கறேன்னு சொல்லலீங்க. இந்தக் கைல இருக்கறதை அந்தக் கைக்கு மாத்திக்கலாங்களா?”

அவர் சற்று யோசித்து, சரி என்றார். சோப்பைக் குழைத்துத் தடவி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒவ்வொன்றாக உருவினோம். வீக்கம் ஏறிவிட்டதால் கடைசி சில வளையல்கள் வரவில்லை. அவற்றை ஈரத் துணிக்குள் சுற்றி நெரித்து எடுத்தோம். மாமியார் அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை. வயிற்றில் ஈயக் கவசம் போர்த்திப் படம் எடுத்தார்கள். இடது கையில் இரண்டு பங்கு வளையலோடும் வலது கையில் கட்டோடும் அந்தப் பெண் வீடு போனார். நம்பிக்கையோடு சண்டை போட்டால் கை வீங்கிக்கொண்டேதான் இருக்கும். வழி ஒன்றைக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

எலும்பை நேராக்குவது டாக்டரின் வேலை. முறிந்த இடத்தில் தேங்கிய ரத்தத்துக்குள்ளேயே மரத்துப்போகும் ஊசியைப் போடுவார்கள். முழங்கையை மடக்கி, மேற்கையை ஒருவர் பிடித்துக்கொள்ள, டாக்டர் விரல்களைப் பற்றி இழுப்பார். அவசரப்பட்டு இழுப்பவருக்கு எலும்பு வராது. சில நிமிடம் ஒரே சீராக இழுத்தால் தசை தளர்ந்து கொடுக்கும். ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட முனைகளைப் பிரிக்க, முதலில் வளைவை இன்னும் கொஞ்சம் கூட்டி, பிறகு உள்ளங்கைப் பக்கமாக அழுத்துவார். எலும்பு தன் இடத்தில் உட்காருவது பிடித்திருப்பவர் கைக்குத் தெரியும். அந்த நொடியிலிருந்து அது என் வேலை. டாக்டர் பிடியை விடாமல் நிற்க, நான் மாவுப்பட்டையை வைக்க வேண்டும்.

மாவு என்று நாம் சொல்வது ஜிப்சம். இந்தியாவில் பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து வருகிறது. அதைச் சூடாக்கினால் அதற்குள் பிணைந்திருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்ப் பொடியாகும். மறுபடி தண்ணீர் பட்டதும் இழந்த நீரை வாங்கிக்கொண்டு கல்லாக இறுகும், அப்போது சூட்டை வெளிவிடும். இந்தப் பொடியைத் துணிச்சுருளில் தேய்த்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது நனைத்துச் சுற்றும் முறையை 1852-இல் வெளியிட்டவர் அந்தோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். அதற்கு முன் கஞ்சிப்பசை தோய்த்த கட்டுகள் இருந்தன. அவை காய நாட்கணக்கில் ஆகும். மாவு சில நிமிடத்தில் இறுகிவிடுகிறது. போர்க்களத்துக்கு அதுதான் தேவைப்பட்டது. கிரிமியப் போரில் ரஷ்ய மருத்துவர் பிரகோவ் இதைப் பரவலாகக் கையாண்டார்.

பட்டையின் நீளத்தை முறிந்த கையில் அளக்க மாட்டேன். நல்ல கையில் வைத்து அளப்பேன். பெரியவர்களுக்கு ஆறு அங்குலச் சுருள், சிறுவர்களுக்கு நாலு. எட்டிலிருந்து பத்து மடிப்பு. கைக்கு அதற்கு மேல் போட்டால் கனமும் சூடும்தான் மிச்சம். இரண்டு முனையையும் பிடித்தபடி தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, மாவு தண்ணீரோடு போய்விடும். மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவி, அத்தனை மடிப்பும் ஒரே பலகையாக ஒட்டும்படி செய்ய வேண்டும். நீவாமல் வைத்த பட்டை மூன்றாம் நாள் ஏடு ஏடாகப் பிரியும். தண்ணீர் சாதாரணக் குழாய்த் தண்ணீர்தான். வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது உண்மை, ஆனால் சூடும் ஏறும். தடித்த பட்டையை வெந்நீரில் நனைத்து வைத்து, அது ஆறும் முன் கையைத் தலையணையில் அழுத்தி வைத்தால் தோல் வெந்துவிடும். முந்தின கட்டின் மாவு கலங்கிக் கிடக்கும் தண்ணீரும் ஆகாது. அதில் நனைத்தால் நாம் நீவி முடிப்பதற்குள் இறுகிவிடும். மழைக்காலத்தில் ஈரம் குடித்த சுருள் நேர்மாறு, எவ்வளவு நேரம் ஆனாலும் பிடிக்காமல் உதிரும். அதனால் என் அறையில் சுருள்கள் எல்லாம் மூடி இறுகிய தகர டின்னில்தான் இருக்கும்.

பட்டைக்கு அடியில் பஞ்சு. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மேடு, முழங்கை முனை, இந்த இடங்களில் கூடுதலாக ஒரு சுற்று. உள்ளங்கையில் பட்டை எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் கை தேர்ந்தவரும் தேராதவரும் தெரிவார்கள். நாலு விரலும் அடிக்கணுவில் முழுதாக மடங்க வேண்டும். அதனால் உள்ளங்கையின் மேல் ரேகைக்கு இந்தப் பக்கமே பட்டை நின்றுவிட வேண்டும். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட முடிய வேண்டும். ஆறு வாரம் மடங்காமல் கிடந்த விரல்களை மறுபடி மடக்கவைப்பது எலும்பைச் சேர்ப்பதைவிடக் கடினம். ஓர் அங்குலம் நீளமாகப் போட்ட பட்டையால், எலும்பு அழகாகச் சேர்ந்த பிறகும் சோற்றைப் பிசைய முடியாமல் மாதக்கணக்கில் பிசியோதெரபிக்கு நடந்தவர்கள் உண்டு.

முன்பே சொன்ன வடிவம் இனிமேல்தான் வருகிறது. உடைந்த எலும்பு மறுபடி எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அழுத்தம், அதற்கு மேலும் கீழும் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு அழுத்தங்கள். இந்த மூன்று புள்ளிகளும் சரியாக விழுந்தால் எலும்பு சாயாது. இதை உலகத்துக்கு விளக்கி எழுதியவர் ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி. இடுப்பு மூட்டு மாற்று அறுவையால் பிற்காலத்தில் பெயர் பெற்றவர் அவரேதான். கத்தி படாமல் முறிவுகளைச் சேர்ப்பது பற்றி 1950-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் ஒரு பழைய பிரதி சீஃபின் மேசையில் எப்போதும் கிடக்கும். முன்கையின் நடுவில் முறிந்த பிள்ளைகளுக்கு இன்னொன்றும் வேண்டும். கட்டு உருண்டையாக இருக்கக் கூடாது, முன்னும் பின்னும் தட்டையாக இருக்க வேண்டும். முன்பின் அகலம் பக்கவாட்டு அகலத்தில் பத்தில் ஏழெட்டுப் பங்கு இருந்தால் இரண்டு எலும்புகளும் விலகி நிற்கும். உருண்டைக் கட்டுக்குள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். இந்த அழுத்தத்தை எல்லாம் விரல் நுனியால் கொடுக்கக் கூடாது. விரல் பதிந்த குழி உள்ளே தோலில் புண்ணாகும். உள்ளங்கையின் அடிப்பகுதியால், மாவு இறுகும் ஐந்து நிமிடமும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மாவு சூடேறி, உச்சத்துக்குப் போய், மெல்ல ஆறுவது கைக்குத் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தில் யார் கூப்பிட்டாலும் நான் திரும்பியதில்லை.

முறிந்த அன்று முழுக்கட்டு போடுவதில்லை. பாதிச் சுற்றளவுக்குப் பட்டை, மீதிக்குத் துணிச்சுற்று. இதைத்தான் ஸ்லாப் என்கிறோம். காரணம் வீக்கம். முதல் இரண்டு மூன்று நாள் கை வீங்கும், துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அவசரமென்றால் கத்தரியால் சட்டென்று பிரிக்கலாம். வீக்கம் வடிந்த பிறகுதான் முழுச் சுற்று.

வீங்க இடமில்லாவிட்டால் என்ன ஆகும்? முன்கைத் தசைகள் கனமான உறைகளுக்குள் இருக்கின்றன. உறை நீளாது. அதன்மேல் இறுக்கமான கட்டும் சேர்ந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கிவிடும். சுமார் ஆறு மணி நேரத்துக்கு மேல் ரத்தம் ஓடாத தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை தழும்பாகச் சுருங்கி விரல்களை உள்நோக்கி இழுத்து மடக்கிவிடும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்டு ஃபோல்க்மான் 1881-இல் இதை விரிவாக எழுதி, இறுக்கமான கட்டைக் குற்றம் சாட்டினார். அவர் சொன்னது மருத்துவர்கள் போட்ட கட்டுகளை. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கேடு நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் உரியதென்று எங்கள் ஆட்கள் சிலர் பேசுவார்கள். மாவால் கட்டினாலும் மூங்கிலால் கட்டினாலும் தசை ஒரே மாதிரிதான் சாகும்.

எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் பலரும் முதலில் போவது நாட்டுக் கட்டுக்கு. ஆந்திரத்துப் புத்தூரில் நடக்கும் வைத்தியத்தின் பெயரால், எந்த ஊரில் போட்டாலும் அதைப் புத்தூர் கட்டு என்றே சொல்வார்கள். மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி. எலும்பு விலகாத முறிவில் அது நன்றாகவே சேர்ந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததை மறைக்க மாட்டேன். ஆனால் மாமரத்திலிருந்து விழுந்த பத்து வயதுப் பையன் ஒருவனையும் பார்த்தேன். எங்கேயோ பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ராத்திரி முழுக்கப் பையன் அழுதிருக்கிறான். “கட்டுனா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்க கண்ணு” என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் அழுகை நின்றுவிட்டது. நரம்பும் மரத்துவிட்டதால் நின்ற அழுகை அது. வலி குறைந்துவிட்டது என்று அவர்கள் நிம்மதியானார்கள். மூன்றாம் நாள் வந்தபோது விரல்கள் கறுத்துச் சில்லிட்டு, தோலில் நீர்க்கொப்புளம். அறுவை செய்து கையைக் காப்பாற்றினார்கள், ஆனால் அந்தக் கை பென்சில் பிடிக்கவில்லை. எலும்போ நேராகச் சேர்ந்திருந்தது.

இறுக்கம் தவறு என்பது மேல்நாட்டார் வந்து சொல்லித் தெரிந்த விஷயமில்லை. சுசுருத சம்ஹிதை எலும்பு முறிவுக்கு மூங்கிலும் மரப்பட்டைகளும் வைத்துக் கட்டச் சொல்கிறது. கட்டு தளர்ந்தால் மூட்டு நிலைக்காது, இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் வரும் என்று எச்சரிக்கிறது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறையும், மிதமான பருவத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறையும், கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் அவிழ்த்துக் கட்டச் சொல்கிறது. அந்தப் பழைய அறிவைப் பின்பற்றும் வைத்தியர் கையில் அந்தப் பையனின் கை கெட்டிருக்காது.

கட்டு முடிந்ததும் நான் சொல்லும் முதல் சொல், “விரலைக் காட்டுங்க.” நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளில் மரத்த உணர்வு இருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், விரல்களை நான் மெல்ல நீட்டும்போது முன்கையில் சுண்டியிழுக்கும் வலி வரக் கூடாது. நாடி அடிக்கிறது என்பதை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் மணிக்கட்டில் நாடி அடிக்கும்.

பிறகு வீட்டு வேலை. படுக்கும்போது கை நெஞ்சுக்கு மேலே, இரண்டு தலையணையில். நடக்கும்போது துண்டைக் கழுத்தில் மாட்டி, மணிக்கட்டு முழங்கையைவிட உயரமாக. விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தோளைத் தூக்கி இறக்க வேண்டும். கட்டுக்குள் அரிப்பெடுத்தால் விளக்குமாற்று ஈர்க்குச்சியை விட்டுச் சொறிவார்கள். உள்ளே கீறிய தோல் வெளியே தெரியாமல் சீழ் பிடிக்கும். மேலே தட்டினால் அரிப்பு அடங்கும்.

ஒரு வாரத்தில் மறுபடி படம் எடுக்க வரச் சொல்வோம். பாதிப் பேர் வர மாட்டார்கள். “வலி போயிருச்சுங்க, அதான் வரல.” வீக்கம் வடிந்தால் கட்டு தளரும், தளர்ந்த கட்டுக்குள்தான் எலும்பு சத்தமில்லாமல் நகரும். இரண்டு வாரத்துக்குள் தெரிந்தால் திருப்பி நேராக்கலாம். ஆறாவது வாரம் தெரிந்தால் அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வளைந்து சேர்ந்தாலும் வளரும் எலும்பு ஓரிரு ஆண்டில் தன்னை நிமிர்த்திக்கொள்ளும். ஆனால் முறுக்கிக்கொண்டு சேர்ந்தால் நிமிராது. பெரியவர்களுக்கு முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்தால் மாவுக்கட்டை நம்பி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான முடிவு. என் தொழிலுக்கு எதிராக நானே சொல்கிறேன், பிளேட் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலேயே விட்டவர்களில் பலருக்கு உள்ளங்கையை மேலே திருப்ப முடியாமல் போனது. கோயிலில் திருநீறு வாங்க, முகம் கழுவ, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக அந்தத் திருப்பம் வேண்டும்.

படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் விடக் கூடாத இடம் ஒன்று. கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். விழுந்தவருக்கு அந்தக் குழியில் தொட்டால் வலிக்கிறதென்றால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் படத்தில் அது பல நேரம் தெரியாது. கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, பத்து பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தால் அந்த எலும்புக்கு ரத்தம் போகாமல் ஒரு பாதி செத்துவிடும்.

இன்னொரு முறிவைப் பற்றி எழுத மனம் கனக்கிறது. அல்னா மட்டும் நடுவில் முறிந்து வரும் பெண்கள். “பாத்ரூம்ல வழுக்கிட்டேங்க” என்பார்கள். கையூன்றி விழுந்தால் மணிக்கட்டுதான் பெரும்பாலும் முறியும். தலைக்கு வந்த அடியைத் தடுக்கக் கையை உயர்த்தும்போது தடியை வாங்குவது அல்னா. எல்லா அல்னா முறிவும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் எங்கள் சிஸ்டர், கூட வந்த கணவரை ஏதாவது வாங்கிவர அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். சிலர் சொல்வார்கள். சொன்னதும் டாக்டர் ஏ.ஆர். புத்தகம் என்ற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். சிலர் கடைசிவரை வழுக்கி விழுந்ததாகவே சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கைகளுக்குக் கட்டு போடும்போது, இது திரும்ப வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். சில வந்தன.

கட்டைப் பிரிக்கும் நாளில் குழந்தைகள் ரம்பத்தைக் கண்டு அலறும். அது சுற்றுவதில்லை, நுனியில் அதிர மட்டும் செய்யும். அமெரிக்காவில் ஹோமர் ஸ்ட்ரைக்கர் என்ற எலும்பு மருத்துவர் 1940-களில் உருவாக்கிய கருவி. கெட்டியான மாவை வெட்டும், அதனோடு சேர்ந்து அசையும் தோலை வெட்டாது. முதலில் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன், பிறகு அம்மாவின் கையில். அதன்பின் பெரும்பாலான பிள்ளைகள் கையை நீட்டிவிடும்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கட்டு போட்ட பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினால், விரல் மரத்தால், சில்லிட்டால், யாராவது விரலை நீட்டிவிடும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டு யார் போட்டதாயிருந்தாலும் சரி, மணி இரண்டானாலும் சரி, 108-ஐக் கூப்பிட்டாவது அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கட்டை மாவோடு நிறுத்தாமல் அடியில் இருக்கும் பஞ்சு வரை முழுக்கப் பிளக்கச் சொல்லுங்கள். அதில் எலும்பு நகர்ந்தால் நகரட்டும். நகர்ந்த எலும்பை மறுநாள் நேராக்கிக்கொள்ளலாம்.